ஒன்பதும் பதினொன்றும்

கணக்குப் பிள்ளைகளிடம் பரம்பரையாக வந்த உபாயம் ஒன்று உண்டு. அந்தி வேளையில் பெட்டியிலுள்ள ரொக்கத்துக்கும் ஏட்டிலுள்ள இருப்புக்கும் 450 ரூபாய் வித்தியாசம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளையாண்டான் முதல் வரியிலிருந்து மறுபடியும் கூட்டத் தொடங்குவான்; விளக்கேற்றி வெகு நேரமான பின்பும் கூட்டிக்கொண்டே இருப்பான். பழுத்த கணக்குப் பிள்ளை அப்படிச் செய்யமாட்டார். "வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதா, பார் தம்பி" என்பார். வகுபடுகிறது என்று தெரிந்ததும், இலக்கங்கள் இடம் மாறி விழுந்த வரியைத் தேடச் சொல்வார். 4,275 என்று எழுத வேண்டிய தொகை 4,725 என்று ஏறியிருப்பது சற்று நேரத்தில் அகப்பட்டுவிடும்.

கடலூர் முதுநகரின் மண்டிகளில் இக்காலத்தில் கணக்கு யந்திரத்தில் ஏறுகிறது என்பது வாஸ்தவமே. ஆயினும் யந்திரத்துக்குத் தொகையை ஊட்டுவது மனிதனுடைய விரல்தானே? விரல் இடறினால், இடறிய தொகையையும் யந்திரம் வெகு பத்திரமாகக் கூட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆகையால் கிழவரின் உபாயம் எதனால் பலிக்கிறது என்று விசாரிப்பது வீண் வேலையல்ல.

பத்து என்பது ஒன்பதும் ஒன்றும் சேர்ந்தது. நூறு, 99-உம் ஒன்றும். ஆயிரம், 999-உம் ஒன்றும். ஆகவே ஓர் இலக்கம் எந்த ஸ்தானத்தில் உட்கார்ந்திருந்தாலும், ஒன்பதுகளைக் கழித்துத் தள்ளியபின் அது தன் அளவையே மிச்சம் வைக்கிறது. 4,275-இல் நான்கு ஆயிரங்கள் நான்கை மிச்சம் வைக்கும்; இரண்டு நூறுகள் இரண்டை; ஏழு பத்துகள் ஏழை; கடைசி ஐந்து ஐந்தாகவே நிற்கும். எல்லாம் சேர்ந்தால் 18. அது ஒன்பதால் வகுபடுகிறது. எனவே 4,275-உம் வகுபடும். மூன்றுக்கும் இதே விதிதான். எண் இருபது இலக்கம் நீண்டிருந்தாலும் வகுத்தல் வேண்டியதில்லை, கூட்டினால் போதும்.

இலக்கங்கள் தமக்குள் இடம் மாறிக்கொண்டால் கூட்டுத்தொகை மாறாது அல்லவா? அப்போது ஒன்பதால் வகுத்த மீதியும் மாறாது. ஒரே மீதியுள்ள இரண்டு எண்களின் வித்தியாசம் அந்த ஒன்பதால் வகுபட்டே தீரவேண்டும். கிழவரின் ரகசியம் இவ்வளவே. இன்னும் சற்றுக் கூர்ந்து பார்த்தால், 450 என்பது ஐந்து தொண்ணூறுகள். நூறாம் ஸ்தானமும் பத்தாம் ஸ்தானமும் மாறினால்தான் தொண்ணூறு தொண்ணூறாக வித்தியாசம் வரும். மாறிய இலக்கங்களுக்குள் ஐந்து வித்தியாசம் இருக்கவேண்டும். ஏழும் இரண்டும் அப்படித்தானே இருக்கின்றன!

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 50 ரூபாயை ஒரு சைபர் கூட்டி 500 என்று எழுதிவிட்டாலும் வித்தியாசம் அதே 450-தான். இரண்டு கள்வர்களுக்கும் காலடித் தடம் ஒன்றே. அநுபவசாலி இருவரையும் தேடுவார்.

பெருக்கலைச் சோதிக்கவும் ஒன்பது உதவுகிறது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் ஆரியபடர் தம்முடைய மகா சித்தாந்தத்தில் இச்சோதனையைச் சொல்லியிருக்கிறார். பெருக்கும் எண்களின் மீதிகளைப் பெருக்கினால், விடையின் மீதி வரவேண்டும். வராவிட்டால் விடை தப்பு. வந்துவிட்டால் விடை சரியென்று அர்த்தமா? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

எங்கள் பக்கத்துச் சரக்காகவே ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மூட்டை மல்லாட்டை 4,275 ரூபாய் வீதம் 386 மூட்டைக்கு விலை போட்டால் 16,50,150 ரூபாய் ஆகிறது. (மல்லாட்டை என்றால் புரியாத வடக்கத்தி நேயர்கள் வேர்க்கடலை என்று வாசித்துக்கொள்ளலாம்.) 4,275-க்கு ஒன்பதில் மீதி இல்லை, ஆகவே விடைக்கும் மீதி இருக்கக் கூடாது. 1, 6, 5, 0, 1, 5, 0 கூட்டினால் 18, சரியாகவே இருக்கிறது. இப்போது அதே விடையைச் சீட்டில் எழுதுகிறவர் 16,05,150 என்று எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பாருங்கள்: அதுவும் 18! ஒன்பதாம் வாய்பாடு சிரித்த முகத்துடன் "சரி" என்று சொல்லிவிட்டது. விற்றவருக்கோ 45,000 ரூபாய் போயிற்று. இடம் மாறிய தவற்றைக் கண்டுபிடிக்கக் கைகொடுத்த அதே குணம், சோதனை செய்யும்போது அந்தத் தவற்றை மூடி மறைத்துவிடுகிறது.

இந்த வியாதிக்கு மருந்து பதினொன்று. பத்து என்பது பதினொன்றுக்கு ஒன்று குறைவு. நூறு, 99-க்கு ஒன்று அதிகம். ஆயிரம், 1,001-க்கு ஒன்று குறைவு. இப்படிக் குறைவும் அதிகமுமாக மாறி மாறி வருவதால், வலப்புறத்திலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போகவேண்டும். 4,275-க்கு 5-இலிருந்து 7 போய், 2 கூடி, 4 போனால் நான்கு குறைகிறது. அதாவது மீதி 7. 386-க்கு 6-இலிருந்து 8 போய் 3 கூடினால் மீதி 1. ஏழோன்று ஏழு. விடையின் மீதியும் 7 ஆகவேண்டும். 16,50,150-க்குச் செய்து பார்த்தால் அப்படியே 7 வருகிறது. 16,05,150-க்கோ 8 வருகிறது. திருட்டு வெளியாகிவிட்டது!

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால், இந்தக் கணக்கில் அவற்றின் வித்தியாசத்தைப்போல இரு மடங்கு மாறுதல் உண்டாகும். ஒற்றை இலக்கங்களின் வித்தியாசம் ஒன்பதுக்கு மேற்படாது. எனவே மாறுதல் 18-க்கு மேற்படாத இரட்டைப்படை எண். அதைப் பதினொன்று ஒருபோதும் வகுக்காது. ஆகையால் இத்தவறு பதினொன்றின் கண்ணுக்குத் தப்பவே முடியாது. நடுவில் ஓர் இலக்கம் விட்டு இடம் மாறினாலோ அது ஏமாறும். எனக்குத் தெரிந்தவரை பள்ளிக்கூடங்களில் ஒன்பதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பதினொன்றைப் பாதி மனதோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்தே கற்பிப்பது உசிதம்.

புத்தகப் பிரசுரகர்த்தர்கள் பதினொன்றின் அருமையை அறிந்திருந்தார்கள். 2006-ஆம் வருஷ முடிவு வரையில் புத்தகங்களின் பின்னட்டையில் அச்சான சர்வதேச எண்ணுக்குப் பத்து ஸ்தானங்கள். முதல் இலக்கத்தைப் பத்தாலும், அடுத்ததை ஒன்பதாலும், இப்படியே கடைசியை ஒன்றாலும் பெருக்கிக் கூட்டினால் பதினொன்றால் வகுபடவேண்டும். கடைசி ஸ்தானத்தில் பத்து தேவைப்பட்டால் ரோமானியரின் பத்தாகிய எக்ஸ் எழுத்தைப் போட்டார்கள். 2007 முதல் பதின்மூன்று ஸ்தானமாக்கி, ஒன்றாலும் மூன்றாலும் மாறி மாறிப் பெருக்கி, பத்தால் சோதிக்கிறார்கள். நம்முடைய இரண்டும் ஏழும் அருகருகே இருந்து இடம் மாறினால் இந்தப் புது முறைக்குத் தெரியாது. புதியதெல்லாம் மேலானது என்று யார் சொன்னது?

இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றுக்குக் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். நூறு நான்காலும், ஆயிரம் எட்டாலும் வகுபடுவதால், நான்குக்குக் கடைசி இரண்டு இலக்கங்களும் எட்டுக்குக் கடைசி மூன்றும் போதும். தொல்லை கொடுப்பது ஏழு. கடைசி இலக்கத்தை இரட்டித்து, மிஞ்சிய எண்ணிலிருந்து கழிப்பது என்று ஒரு வழி உண்டு. 2,184-ஐ எடுத்தால் 218-இலிருந்து 8 போக 210, ஏழால் வகுபடும். இருபத்தொன்று ஏழின் மடங்காயிருப்பதால் இது நடக்கிறது. ஆனால் இவ்வழி வகுபடுமா படாதா என்பதை மட்டும் சொல்லுமே தவிர, மீதி எவ்வளவு என்று சொல்லாது.

அதைவிட அழகான வழி 1,001-இல் இருக்கிறது. ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் 1,001. ஆகவே எண்ணை வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒரு கூறைக் கூட்டி அடுத்ததைக் கழித்தால், மூன்று வகுத்திகளுக்கும் ஒரே முயற்சியில் சோதனை முடிந்துவிடும். (லட்சம் கோடி என்று நாம் போடும் காற்புள்ளிகள் இதற்கு உதவா, அவற்றை மறந்துவிட்டுப் பிரிக்கவேண்டும்.) 2,184-க்கு 184-இலிருந்து 2 போக 182. அது ஏழாலும் வகுபடும், பதின்மூன்றாலும் வகுபடும்.

இந்த 2,184-ஐ நான் சும்மா எடுக்கவில்லை. கடலூரிலிருந்து ரயிலேறிப் பரங்கிப்பேட்டை வழியாகத் தெற்கே போனால் சிதம்பரம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே அண்ணாமலைநகர். அங்கே 1929-இல் ஏற்பட்ட சர்வகலாசாலையில் அதே வருஷம் ஆசிரியராகச் சேர்ந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். எந்த எண்ணையும் எழுபத்து மூன்றுக்கு மேற்படாத ஆறாம் படி எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1940-இல் நிரூபித்துக் கணித உலகில் பெயர் பெற்றார். ஆனால் நமக்கு இன்று வேண்டியது அதே சமயத்தில் அவர் ஆராய்ந்த வேறொரு விஷயம்.

அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்கும் எண் ஒன்றாவது இருக்குமா? எண்கள் பதினாறு வரையில் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிரூபித்தார். பதினேழானால் அந்த உறுதி போய்விடுகிறது. 2,184 முதல் 2,200 வரையுள்ள பதினேழு எண்களும் அப்படிப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கூட்டத்திலேயே ஓர் உறவினன் இருக்கிறான்.

இதைச் சோதிக்க நம் விதிகளுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். இங்கே வித்தியாசம் 16-க்கு மேற்படாது. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு பகா எண்களைப் பார்த்தால் போதும். இரட்டைப்படை எண்களெல்லாம் ஒரு குடும்பம். 2,187, 2,193, 2,199 மூன்றால் வகுபடும். 2,185, 2,195 ஐந்தால். மிஞ்சியவை மூன்றே. 2,189-க்குப் பதினொன்றின் விதியைப் போட்டால் சைபர் வருகிறது. அதன் துணை 2,200. 2,191-க்கு 191-இலிருந்து 2 போக 189, ஏழின் மடங்கு, துணை 2,184. 2,197-க்கு 195, பதின்மூன்றின் மடங்கு. துணை மறுபடியும் 2,184. தவிர, 2,187 மூன்றின் ஏழாம் படி; 2,197 பதின்மூன்றின் கனம். இப்படி இரண்டு பேர் ஒரே தெருவில் குடியிருப்பது வேடிக்கைதான்!

பதினேழிலிருந்து 430 வரை எந்த எண்ணிக்கைக்கும் இத்தகைய கூட்டம் உண்டு என்று பிள்ளை காட்டினார். அதற்கு மேலும் எப்போதும் உண்டு என்று 1941-இல் ஆல்ஃபிரட் பிரவர் முடித்து வைத்தார். தொடர்ந்து வரும் எண்களின் பெருக்குத்தொகை எப்போதாவது வர்க்கமாகவோ கனமாகவோ வேறு படியாகவோ அமையுமா என்ற பழைய கேள்வியே பிள்ளையை இதில் இறக்கிற்று. ஒருபோதும் அமையாது என்று எர்டோஷும் செல்ஃப்ரிட்ஜும் 1975-இல் நிரூபித்தபோது அவர் உயிரோடில்லை. 1941-இல் சிதம்பரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்கும், பின்னர் கல்கத்தாவுக்கும் சென்றவர், 1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் புறப்பட்டார். ஆகஸ்டு 31-ஆம் தேதி கெய்ரோவுக்கு அருகில் விமானம் விழுந்து மாண்டார். வயது நாற்பத்தொன்பது.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அந்த ஆறு பகா எண்களையும் பெருக்கினால் 30,030. அதை 2,184-உடன் கூட்டினால் 32,214. அதிலிருந்து 32,230 வரையுள்ள பதினேழு எண்களுக்கும் துணை கண்டுபிடிக்கவேண்டும். 32,221-ஐ மும்மூன்றாகப் பிரித்துக் கழிக்கும்போது, முன்பு 2,191-க்கு வந்த அதே 189 எதனால் வருகிறது என்பதையும் எழுதி அனுப்பலாம்.