கால்பந்து ஆடும் மகள்களின் பெற்றோருக்கு

2019 மே 12 அன்று ஐதராபாத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் சென்னை ஒரே ஒரு ரன்னில் தோற்றது, முழங்காலில் ரத்தம் வழிய வாட்சன் ஆடினார். பத்து நாள் கழித்து, மே 22 அன்று, லூதியானாவில் என்ன நடந்தது? மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. பஞ்சாபின் கோடை வெயிலில் ஆடி ஜெயித்து, நாட்டின் சாம்பியன் பட்டத்தை மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். கால்பந்து ஆடும் மகள்களைப் பெற்ற நமக்கே இது தெரியாது. பிறகு பிள்ளைக்கு எதைச் சொல்லி ஊக்கம் கொடுக்கப் போகிறோம்?

மணிப்பூர் அணியை வெல்வது என்றால் என்னவென்று விஷயம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். மாநிலங்களுக்கிடையிலான சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பை இருபது முறைக்கு மேல் வென்ற மாநிலம் அது. அந்த மணிப்பூரை 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் 2-1 என்று தோற்கடித்து தமிழ்நாடு முதல் முறையாகப் பட்டம் வாங்கியது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இன்னொரு முறை வாங்கியது. ஆக, நம் பெண்களுக்கு ஆட வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆட விடுவதில்லை என்பதுதான் உண்மை. விடாதவர்கள் வேறு யாருமில்லை, நாம்தான்.

சேது அணிக்காக ஆடி இந்திய அணி வரை போன சந்தியா ரங்கநாதன் கடலூரில் அரசு இல்லத்தில் வளர்ந்தவர். அதே கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லை இவர்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி அழைத்துப்போக ஸ்கூட்டரோடு அப்பா காத்திருக்கவில்லை, பாதாமை ஊறவைத்துத் தர ஆளில்லை. இவை எல்லாம் கிடைக்கிற நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு தாண்டியதும் கிரவுண்டில் காணாமல் போகிறார்கள். ஒன்றுமில்லாத வீட்டுப் பெண் நாட்டுக்கு ஆடுகிறாள், எல்லாம் இருக்கிற வீட்டில் நாமே குறுக்கே நிற்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

நாம் சொல்லும் காரணங்களை நான் கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டேன். வெயிலில் கறுத்துவிடுவாள். வயதுக்கு வந்த பெண் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு ஓடுவதா? பத்தாம் வகுப்பு, டியூஷன். நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்? இதே பத்தாம் வகுப்பு மகனுக்கும் வருகிறது. அவன் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வந்தால், ஆம்பளைப் பிள்ளை, மூளை தெளியட்டும் என்கிறோம். அவளுக்கு மட்டும் மூளை தெளிய வேண்டாமா? கறுப்பைப் பற்றி நான் ஒன்றும் வாதாடப் போவதில்லை. மகளின் நிறத்தைப் பற்றி அவள் காதுபடப் பேசுகிற பெற்றோர் முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

மணிப்பூரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பெண்கள் வந்து சேது அணிக்காக ஆடியிருக்கிறார்கள். பாஷை தெரியாத மதுரைக்கு அவர்களை அனுப்பிவைத்ததும் அம்மாக்கள்தான். நாம் நாலு தெரு தள்ளியிருக்கும் மைதானத்துக்கு அனுப்ப யோசிக்கிறோம்.

பயப்பட வேண்டிய விஷயங்கள் இல்லாமல் இல்லை. அவற்றுக்குப் பயப்படுங்கள் என்றுதான் சொல்கிறேன். முழங்கால் தசைநார்க் கிழிவு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது. இத்தகைய காயங்களைக் குறைப்பதற்கென்றே ஃபிஃபா 11 ப்ளஸ் என்ற இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சி இருக்கிறது. உங்கள் மகளின் கோச் அதைச் செய்யவைக்கிறாரா என்று கேட்டதுண்டா? 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரண்டாம் பாதியில் உங்கள் பெண் மூச்சு வாங்கி நிற்கிறாள் என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். கீரை, முட்டை, ஈரல், கேழ்வரகு எதுவும் எட்டாத பொருளில்லை. மகனுக்கு இரண்டு முட்டை, மகளுக்கு ஒன்று என்று எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.

பாதுகாப்பு பற்றிய பயம் இன்னும் நியாயமானது. 2024இல் கோவாவுக்கு மகளிர் லீக்கின் இரண்டாம் டிவிஷன் ஆட வந்த வீராங்கனைகள், கால்பந்து நிர்வாகி ஒருவர் தங்களைத் தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் அதற்காக மகளை வீட்டில் உட்காரவைத்தால் தண்டனை அவளுக்கு. வெளியூர்ப் போட்டியா? யார் கூடப் போகிறார்கள், பெண் மேலாளர் உண்டா, எங்கே தங்குகிறார்கள், கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு பேர் கூடவே பயணம் போங்கள். பெற்றோர் வந்து உட்காரும் மைதானத்தில் யாரும் வாலாட்ட மாட்டார்கள்.

படிப்பும் வேலையும் என்னாகும் என்கிறீர்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது. இவை இல்லாவிட்டாலும் நான் அனுப்பச் சொல்வேன். பதினைந்து வயதில் ஒரு பெண் தன் உடம்பை நம்பக் கற்றுக்கொள்வது சின்ன விஷயமில்லை.

2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது. அந்தப் போட்டியின் பதிவையாவது உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். அவள் பள்ளி அணி அடுத்து ஆடும் போட்டி எப்போது என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, அம்மா அப்பா இருவருமாகப் போய், விசில் ஊதும்வரை உட்கார்ந்திருங்கள்.