ஒரே ஒரு இசைத்தட்டுக்கு 1 லட்சம் பவுண்டு... பாடியவருக்கு எவ்வளவு?

ஏழு அங்குல இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். 2020-ல் இங்கிலாந்தில் அது கைமாறிய விலை 1 லட்சம் பவுண்டு. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1 கோடி ரூபாய். அதே பாட்டை மொபைலில் இலவசமாகவே கேட்கலாம். அப்புறம் எதுக்கு இவ்வளவு காசு?

அப்படி என்ன பாட்டு அது?

கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோன அமெரிக்க நிறுவனம் மோடவுன். அதற்காக 1965-ல் ஃபிராங்க் வில்சன் பாடிய பாட்டு, ‘டூ ஐ லவ் யூ’. முன்னோட்டமாகச் சுமார் 250 பிரதிகள் அச்சானதாகச் சொல்கிறார்கள். ஆனால், வெளியீடு நின்றுபோனது. பாடகரா, தயாரிப்பாளரா என்ற கேள்வி வந்தபோது வில்சன் தயாரிப்பாளர் வேலையைத் தேர்ந்தெடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பிரதிகள் அழிக்கப்பட்டன. தப்பியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இங்கிலாந்தில் எப்படி ஹிட் ஆச்சு?

1970-களில் வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரங்களில், அமெரிக்காவில் ஓடாமல் போன வேகமான சோல் பாட்டுகளுக்கு இளைஞர்கள் விடிய விடிய ஆடினார்கள். இதற்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர். விகன் கேசினோ (1973-81) என்ற நடன அரங்கம்தான் இதன் தலைமையிடம் மாதிரி.

அங்கே யாரிடமும் இல்லாத பாட்டைப் போடுற டிஜேதான் கெத்து. போட்டியாளர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று லேபிளை மறைத்து, பொய்ப் பெயர் சொல்வார்கள். வில்சனின் பாட்டும் முதலில் ‘எடி ஃபாஸ்டர்’ என்ற பெயரில்தான் ஒலித்தது. பாட்டு செம ஹிட். பாடியவர் யார்னு ஆடியவர்களுக்குத் தெரியாது!

விலை ஏன் ஏறிக்கிட்டே போகுது?

1979-ல் முறையான மறுபதிப்பு வந்தது. பாட்டு எல்லோருக்கும் கிடைத்த பிறகும் முதல் அச்சின் மவுசு குறையவில்லை. ரசிகர்கள் பெருகினார்கள், பிரதிகள் பெருகவில்லை. 2009-ல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது. 11 ஆண்டுகளில் விலை கிட்டத்தட்ட 4 மடங்கு.

இதில் பாடகருக்குப் பங்கு உண்டா?

இல்லை. இங்கிலாந்தில் ஓவியம், சிற்பம் போன்றவை கலைச் சந்தையில் மறுவிற்பனையாகும்போது படைத்தவருக்கு ஒரு பங்கு தரும் சட்டம் 2006 முதல் இருக்கிறது. இசைத்தட்டுக்கு அது பொருந்தாது. பழைய பிரதி எத்தனை முறை கைமாறினாலும் பணம் விற்பவருக்கும் இடைத்தரகருக்கும்தான். வில்சன் 2012-ல் இறந்துவிட்டார்.

அப்போ சேகரிப்பாளர்கள் சுயநலக்காரர்களா?

ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் குடோன்களில் தூசி படிந்து கிடந்த தட்டுகளைத் தேடி எடுத்தது இவர்கள்தான். 1965-ல் குளோரியா ஜோன்ஸ் பாடிக் கவனிக்கப்படாமல் போன ‘டெய்ன்டட் லவ்’ பாட்டுக்கு உயிர் கொடுத்ததும் இந்த வட்டம்தான். அதையே 1981-ல் சாஃப்ட் செல் குழு பாடியது, பிரிட்டனில் முதலிடம்!

கலைஞர் பக்கம் காசு போகணும்னா, உரிமம் பெற்ற மறுபதிப்பும் ஸ்ட்ரீமிங்கும்தான் வழி. அங்கேயும் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, 1960-களில் அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.