ஒலிக்கு அனுமதி, மின்சாரத்துக்கு?

ஆடி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் ஒலிபெருக்கி கட்டப்படாத ஞாயிற்றுக்கிழமை அரிது. பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது ஒரு வாரம், தீமிதி அடுத்த வாரம் என்று தொடங்கி, விநாயகர் சதுர்த்திப் பந்தல், நவராத்திரி எனக் கார்த்திகை வரை அது நீளும். இவை ஒவ்வொன்றுக்கும் காவல் துறையின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். எந்தத் தெரு, எத்தனை மணி வரை, எந்த வகை ஒலிபெருக்கி என்பவை அந்த அனுமதியில் பேசப்படுகின்றன. ஆம்ப்ளிஃபயரை இயக்கப்போகிறவர் யார், அதற்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது, அந்த இணைப்பில் எர்த் இருக்கிறதா என்பதை எவரும் கேட்பதில்லை.

விநாயகர் சதுர்த்திப் பந்தல்களுக்காக 2018 ஆகஸ்டில் தமிழக அரசு பிறப்பித்த ஆணையை இதற்கு விதிவிலக்காகச் சொல்லலாம். காவல் துறையின் ஒலிபெருக்கி உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவற்றோடு, மின்சாரம் எங்கிருந்து பெறப்படுகிறது என்பதற்கு மின்வாரியக் கடிதமும் வேண்டும் என்கிறது அந்த ஆணை. நல்ல தொடக்கம்தான். ஆனால், மின்சாரம் திருட்டுத்தனமாக எடுக்கப்படவில்லை என்பதை அது உறுதிசெய்கிறதே தவிர, அது பாதுகாப்பாகப் பகிரப்படுகிறதா என்ற கேள்விக்குள் போகவில்லை. அம்மன் கோயில் திருவிழாவுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் திருமண வரவேற்புக்கும் அந்த ஆணை பொருந்துவதுமில்லை.

ஒலியைத் தொல்லையாகப் பார்க்க நமது சட்டம் நன்றாகவே கற்றிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. வழிபாட்டுக்கு ஒலிபெருக்கி இன்றியமையாதது என்று எந்த மதமும் கூறவில்லை என உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு சென்னையிலிருந்து சென்றது. 2005 ஜூலை 18 தீர்ப்பு இன்னும் விரிவானது. இவையெல்லாம் தேவையானவை, காஞ்சிபுரத்தில் கூடுதலாகவே தேவையானவை. கைத்தறி நெசவாளருக்கு வீடுதான் பட்டறை. கோர்வைச் சேலை நெய்யும்போது தறியில் அமர்ந்திருப்பவரும் பக்கத்தில் நாடா வீசும் துணையாளும் ஒருவரையொருவர் கேட்டாக வேண்டும். வாசல் கம்பத்தில் பெட்டி ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் அன்றைய நெசவு நடக்காது. எனினும் இந்தச் சட்டங்கள் அனைத்தும் காதைப் பற்றியவை. ஒலிபெருக்கியின் பின்னால் நிற்கும் மனிதரின் உயிரையும், மைக்கைப் பிடித்திருப்பவரின் கையையும் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

அண்ணா பிறந்த ஊர் இது. மைக்கின் முன் வளர்ந்த அரசியலைக் கண்ட மாநிலத்தில், மைக் செட் போடுகிறவரின் தொழில் இன்றும் எந்தப் பாடத்திட்டத்துக்குள்ளும் முறையாக வராமல், ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்துக் கற்பதாகவே இருப்பது விந்தைதான்.

அந்தத் தொழிலில் உள்ளவர்கள் சிலரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கருவியைக் காக்கும் முறைகளை அவர்கள் நுணுக்கமாக அறிந்திருக்கிறார்கள். மிக்சரை முதலில் போட்டு, ஒலியளவைச் சுழியத்தில் வைத்து, ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாகப் போட வேண்டும். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர்தான் முதலில் என்பார்கள். மாற்றிச் செய்தால் கிளம்பும் 'டப்' என்ற அதிர்வு ஒலிபெருக்கியின் சுருளைக் கெடுத்துவிடும். எட்டு ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகக் கோத்தால் நான்கு ஓம், நான்கைக் கோத்தால் இரண்டு ஓம்; நான்கு ஓமுக்கென வடிவமைத்த ஆம்ப்ளிஃபயரிடம் இரண்டு ஓம் சுமையைக் கொடுத்தால் அது கொதித்துப்போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆளைக் காக்கும் அறிவுதான் அதே அளவுக்குத் தொழிலில் வந்து சேரவில்லை. கருவி கெட்டால் இழப்பு அன்றிரவே கண்ணுக்குத் தெரிகிறது. எர்த் இல்லாத இணைப்போ நூறு விழாக்களில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறது.

எர்த் ஏன் அறுக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். மிக்சர் ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறோர் இடத்திலும் மின்சாரம் எடுக்கும்போது, இரண்டு எர்த் இணைப்புகளுக்கும் ஒலிக் கம்பியின் உறைக்கும் இடையே ஒரு வளையம் உருவாகிறது. அதன் விளைவு, ஒலிபெருக்கியில் இடைவிடாத 'ஹம்' என்ற உறுமல். நாதஸ்வரம் தொடங்க ஐந்து நிமிடமே இருக்கும்; விழாக் குழுவினர் முறைப்பார்கள். பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றினால் உறுமல் நின்றுவிடும். இது சோம்பலால் செய்வதன்று. வேலை செய்கிற தீர்வு என்பதால்தான் செய்கிறார்கள், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுப்பது, சமநிலைக் கம்பிகளைப் பயன்படுத்துவது, ஒலிக் குறிப்பின் பக்கத்தில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வைப்பது ஆகியவை இதற்கான சரியான வழிகள். மின்சாரப் பக்கத்து எர்த்தை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

எர்த் இருக்கும்வரை, ஆம்ப்ளிஃபயருக்குள் தூசியாலோ வெப்பத்தாலோ மழை நீராலோ காப்பு கெட்டு 230 வோல்ட் கம்பி உலோக உறையைத் தொட்டால், மின்சாரம் மண்ணுக்குப் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லையென்றால் ஃபியூஸ் போகாது, பாட்டும் நிற்காது. உறை முழுவதும் 230 வோல்ட்டில் காத்திருக்கும். பெரும்பாலான கருவிகளில் உறையும் ஒலிக் கம்பியின் வெளியுறையும் இணைந்தவை. ஆகவே அந்த மின்னழுத்தம் மிக்சர் வழியாக மைக்கின் உலோக உடல் வரை போய்ச் சேரும். 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி இப்படித்தான் மேடையிலேயே உயிரிழந்தார். முறையாக எர்த் செய்யப்படாத மைக்கை ஈரக் கையால் தொட்டது அவர் செய்த ஒரே காரியம். அவர் காலில் காலணியாவது இருந்திருக்கும். நம் திருவிழாவில் மைக்கைப் பிடிக்கும் பூசாரியும் ஓதுவாரும் பாடகரும் வெறுங்காலோடு, பெரும்பாலும் அபிஷேக நீர் ஓடும் கல்தரையில் நிற்கிறார்கள். மின்சாரம் உடலைக் கடக்க இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். 16 ஆம்பியர் ஃபியூஸ் கருவியையும் கம்பியையும் காப்பது. மனித இதயத்தைத் தடுமாறச் செய்ய 30, 40 மில்லி ஆம்பியர் சில நொடிகள் பாய்ந்தால் போதும். அதாவது, அந்த ஃபியூஸ் கவனிக்கத் தொடங்கும் அளவில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. அந்த வேலைக்கென்றே இருப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின் துண்டிப்பான். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். தெருவிழாக்களில் நான் பார்க்கும் பலகைகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. பல இடங்களில் பிளக்கே இல்லை. சாக்கெட் துளைகளில் வெறும் கம்பியைச் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். இதில் எர்த் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. சிறிய வீட்டுக் கருவிகளுக்கு அது ஓரளவு சரி. எட்டு ஓம் பெட்டிக்கு ஆயிரம் வாட் அனுப்பும் ஆம்ப்ளிஃபயரின் வெளிமுனையில் ஏறத்தாழ 90 வோல்ட் இருக்கும். நீண்ட தெருவுக்கு வரிசையாகக் குழாய் ஒலிபெருக்கி கட்டும் முறையில் 100 வோல்ட் வரை போகும். முறுக்கிவிட்ட வெறும் கம்பி முனைகள் மழையில் நனைந்து கிடக்கையில் அவற்றைச் சிறுவர்கள் தொடுவது விளையாட்டல்ல.

தேர்த் திருவிழாவின் கதை வேறு. வரதராஜப் பெருமாள் வைகாசி கருட சேவையில் கங்கைகொண்டான் மண்டபம் வரை வந்து செல்லும் ஊர் இது. ஏகாம்பரநாதருக்குப் பங்குனி உத்திரம். தேர் வரும் வீதியில் மேல்நிலைக் கம்பிகளின் மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்த பிறகு இந்த எச்சரிக்கை இன்னும் கூடியிருக்கிறது. 2025 மார்ச் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா ஏற்பாட்டின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நால்வர் இறந்தபோதும் பேச்சு மேலே ஓடும் கம்பியைப் பற்றியே இருந்தது. அது நியாயமே. ஆனால் வீதியின் மின்சாரம் நின்ற அந்த நேரத்தில் ஒலிபெருக்கி மட்டும் நிற்பதில்லை. அது ஜெனரேட்டருக்கு மாறுகிறது.

ரப்பர் சக்கர வண்டியில் ஏற்றிய ஜெனரேட்டர் மண்ணோடு தொடர்பற்றது. அதன் நியூட்ரல் முனை உலோகச் சட்டத்தோடும் எர்த் கம்பியோடும் இணைக்கப்படாவிட்டால், ஆர்.சி.சி.பி. பொருத்தியிருந்தாலும் பயனில்லை. கசியும் மின்சாரம் திரும்பிப் போகப் பாதை இல்லாததால் வேறுபாட்டை அது உணராது. இதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு: சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஆர்.சி.சி.பி. சரியாகத் துண்டிக்கும், ஏனெனில் அந்தச் சோதனை கருவிக்குள்ளேயே நடப்பது. பார்ப்பவர் பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பார். முதல் பழுது எவருக்கும் தெரியாமல் போகும். இரண்டாவது கருவியில் வேறொரு பழுது வரும்போது இடையில் நிற்பவர் பாதையாகிவிடுவார்.

இவை யாருக்கும் தெரியாத அறிவியல் அல்ல. வெளிப்புறங்களில் ஒலிபெருக்கி அமைப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 1882 என்ற எண்ணில் நடைமுறை விதிகளை வெளியிட்டிருக்கிறது. தேசிய மின் விதித்தொகுப்பில் தற்காலிக வெளிப்புற மின்னமைப்புகளுக்குத் தனிப் பிரிவே உள்ளது. வீட்டு மின்னிணைப்பு வேலை செய்ய ஒருவருக்குத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் சான்று வேண்டும். அதே தெருவில் பத்தாயிரம் வாட் ஒலியமைப்பை ஒரு வீட்டின் இணைப்பிலிருந்து இழுத்துக் கட்டுகிறவரிடம் அதைக் கேட்பாரில்லை. பிரிட்டனில் கேளிக்கை நிகழ்ச்சிகளின் தற்காலிக மின்னமைப்புக்கு பி.எஸ். 7909 என்ற நடைமுறை விதி இருக்கிறது. பெயர் குறிப்பிடப்பட்ட பொறுப்பாளர் ஒருவர் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே அமைப்பு பயன்பாட்டுக்கு வரும்.

இந்தியாவில் மின்தாக்குதலால் இறப்போர் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் 12,000ஐத் தாண்டுகிறது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. வயலில் இறந்தவரும் வீட்டில் இறந்தவரும் பந்தலில் இறந்தவரும் அதில் ஒரே எண்ணாகக் கலந்துவிடுகிறார்கள். பிரித்துப் பதியாத இறப்புக்குத் தனி விதி எழுத எந்தத் துறைக்கும் தோன்றாது.

மறுப்பு ஒன்று எழும், அதில் நியாயமும் உண்டு. சவுண்ட் சர்வீஸ் நடத்துபவர் பெரும்பாலும் ஒரு மினி வேனும் இரண்டு உதவியாளர்களும் கொண்ட சிறு தொழிலாளி. சான்று, கட்டணம், ஆய்வு என்று அடுக்கினால் இன்னொரு அலுவலகத்தில் கைநீட்டும் வழியாகவே அது முடியும். ஆகவே சுமையை அவர் தலையில் மட்டும் வைக்கக் கூடாது என்பேன். மாட வீதிகளிலும் ராஜ வீதிகளிலும் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் பந்தல்கள் எழுகின்றன. அங்கே எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் கொண்ட நிலையான மின்பெட்டிகளை மாநகராட்சியும் மின்வாரியமும் நிறுவலாம்; விழா நாளில் பூட்டைத் திறந்து மீட்டரில் அளந்து கட்டணம் பெறலாம். கோயில்களுக்குள் இதை அறநிலையத் துறை செய்யலாம். கம்பியாள் சான்றுக்கு இணையாக, ஒலியமைப்பாளர்களுக்கென ஒரு வாரப் பயிற்சியை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் மாலை நேரத்தில் நடத்தலாம். நாள்கூலியை இழக்காமல் வர முடிகிற நேரம் அது.

இவற்றுக்கெல்லாம் நிதியும் கோப்பும் வேண்டும். அதுவரை காவல் நிலையத்தின் ஒலிபெருக்கி விண்ணப்பத்தில் மூன்று வரிகளைச் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும்: இயக்குபவரின் பெயர், மின்சாரம் பெறும் இடமும் எர்த் நிலையும், ஜெனரேட்டர் என்றால் நியூட்ரல் இணைக்கப்பட்டதற்குக் கம்பியாள் சான்று பெற்றவரின் கையெழுத்து. வரும் ஆடிக்குள் காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகம் அதை வெளியிடலாம். விழாக் குழுக்கள் ஒலியமைப்பாளரிடம் விலை பேசும்போதே மூன்றாவது பின் இருக்கிறதா என்று பிளக்கைத் திருப்பிப் பார்க்க எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.