எவருடைய முகம்?

அறியாத வேளையிற் பிடிக்கப்பட்ட முகமே உண்மை முகம், ஸ்ரூடியோவில் அமர்ந்தெடுத்த படம் வெறும் பாவனை என்பர் நம்மிடையே கலை பேசுவோர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

2004 டிசம்பர் 26 இல் மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக் கரைகளைக் கடற்கோள் அழித்தது. அதே கடற்கோளில் உறவினரை இழந்து கடலூர் மணலில் வீழ்ந்து அழுத பெண்ணை ஆர்கோ தத்தா எடுத்த படம், உலகப் பத்திரிகைப் படப் பரிசைப் பெற்றது. அப்படம் பொய்யன்று. ஆயின், வாழ்வின் மிகக் கொடிய கணமொன்றையே ஒருவரின் முகமென உலகுக்குக் காட்டுதல் நீதியாகுமா? 1936 இல் டொரத்தியா லாங் கலிபோர்னியாவில் எடுத்த ஏழைத் தாயின் படமும் உலகெங்கும் உலாவியது. 1978 இலேயே அடையாளங் காணப்பட்ட அத்தாய், புளோரன்ஸ் தொம்சன், தம் பெயரைக்கூட லாங் கேட்கவில்லையென மனங்கசந்தார்.

மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948 இல் ஸ்ரூடியோ திறந்த செய்டூ கெய்ட்டா, வந்தவர்க்குக் கோட்டும் கைக்கடிகாரமும் இரவல் கொடுத்தே படமெடுத்தார். கோட்டு இரவல்தான், அணிந்தவரின் நிமிர்வு இரவலன்று.

நம்மூர் நெசவாளியும் அவ்வாறே. நாளெல்லாம் தறியிற் குனிந்தவர், கல்முனை ஸ்ரூடியோவில் தலைவாரி, புதுச் சாரம் உடுத்து நிமிர்ந்து அமர்கிறார். உருவப்படத்தைச் சுவரில் மாட்டத் தயங்கும் நம் வீடுகளில் (அவ்விவாதம் ஈண்டு வேண்டா) பெட்டியினுள், துணிகளுக்கிடையே பேணப்படுவது அந்தப் படமே.

கமராவுடன் கரைக்கு வரும் நண்பர்காள், கண்காட்சியில் ‘மீனவர், கல்முனை’ என்றெழுதி மாட்டுகிறீர்கள். அவர் பெயர் யாது? எப்படித் தோன்ற விரும்புகிறார் என வினவினீர்களா?