எக்ஸ்ரேயில் தெரியும் வெண்மை எந்தக் காய்ச்சலுடையது?

2024 டிசம்பரில், பெங்கால் புயலின் வெள்ளம் வடிந்த கையோடு, யாழ். மாவட்டத்தில் அடுத்தடுத்து ஏழு பேர் காய்ச்சலாலும் மூச்சுத்திணறலாலும் உயிரிழந்தனர். "புது வைரஸாம்" என்ற பேச்சைத்தான் நான் முதலில் கேட்டேன். பின்னர் ஆய்வுகூடப் பரிசோதனைகள் அது எலிக்காய்ச்சல் என்று காட்டின. வைரஸ் அல்ல, பக்டீரியா. நேரத்தோடு பென்சிலினோ டொக்சிசைக்கிளினோ கொடுத்தால் காப்பாற்றக்கூடிய நோய்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது? நெஞ்சு எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாகத் தெரியும். நீர், சீழ், குருதி மூன்றுமே வெள்ளையாகத்தான் தெரியும். கொவிட் நியூமோனியாவில் இரு நுரையீரல்களின் கீழ், வெளி ஓரங்களில் மங்கலான வெண்மை படர்வது வழக்கம். இன்புளுவன்சாவும் ஏறக்குறைய அப்படியே தோன்றலாம். எலிக்காய்ச்சலில் நுரையீரலுக்குள் குருதி கசிந்தாலும் திட்டுத் திட்டாக வெண்மைதான்.

அந்த இடத்தில் குருதிப் பரிசோதனை கைகொடுக்கிறது. கொவிட்டிலும் இன்புளுவன்சாவிலும் லிம்போசைற் கலங்கள் குறைவது வழக்கம். டெங்குவில் வெண்கலங்களும் குருதிச் சிறுதட்டுக்களும் இறங்கும். நுரையீரலைச் சுற்றி நீர் சேரலாம். எலிக்காய்ச்சலில் சிறுதட்டுக்கள் இறங்கினாலும் நியூற்றோபில் கலங்கள் ஏறும். சிறுநீரகம், ஈரல் பற்றிய அளவுகளும் கூடலாம். இவையும் குறிப்புகள்தான். வைரஸை உறுதிசெய்வது பி.சி.ஆர். போன்ற பரிசோதனையே. ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்க வைத்தியருக்கு இந்தக் குறிப்புகள் உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களில் பலரின் நெஞ்சுக்குள் இன்னும் செல் துண்டுகள் இருக்கின்றன. பழைய காயத் தழும்புகளும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா 2009இல் பட்ட காயத்தின் எக்ஸ்ரே படத்தை இன்றும் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். அதை வைத்தியரிடம் காட்டினால் எது பழைய தழும்பு, எது புதிய நோய் என்று பிரித்தறிவது இலகு. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் உடலில் உலோகம் இருப்பதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வயலில் இறங்கினீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா, காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள் என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். பனடோலோடு நாட்களைக் கடத்தாதீர்கள்.

எக்ஸ்ரேயும் குருதிப் பரிசோதனையும் பெரிய தொழில்நுட்பங்கள் அல்ல. அவை கிராமத்து வைத்தியசாலையிலும் இரவு பகலாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, எங்கள் உரிமை.