வீட்டில் பயிலும் பிள்ளைக்கு எத்தனை நடவடிக்கைகள் போதும்?

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனைச் சந்தித்தேன். அவன் பள்ளிக்குச் செல்வதில்லை. வீட்டிலேயே தன் தாயாரிடம் பாடம் படிக்கிறான். அவன் முதுகில் நீச்சல் பை இருந்தது. கையில் டேக்வாண்டோ சீருடை இருந்தது.

"இன்று எத்தனை வகுப்புகள், தம்பி?" என்று கேட்டேன்.

"இரண்டு, ஆண்ட்டி. நாளைக்கும் இரண்டு இருக்கின்றன," என்றான்.

"டேக்வாண்டோ வகுப்பில் உன் நண்பர்கள் யார்?"

அவன் சற்று யோசித்தான். "அங்கே யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது, ஆண்ட்டி. வகுப்பு முடிந்தவுடன் அடுத்த வகுப்புக்குப் போகவேண்டும்," என்றான்.

நீச்சல், டேக்வாண்டோ, பியானோ, மணிச்சட்டம், ஓவியம், ரோபோட்டிக்ஸ் என்று வாரத்திற்கு ஆறு வகுப்புகளுக்கு அவன் சென்று வந்தான். அவன் தாயாரை நான் குறை கூறமாட்டேன். 'பள்ளிக்குச் செல்லாத பிள்ளை, மற்ற பிள்ளைகளுடன் பழகாமல் தனித்துப் போய்விடுவானோ' என்ற அச்சமே அவரை அப்படிச் செய்யத் தூண்டியது. ஆனால், அந்த அச்சத்திற்கு ஆறு வகுப்புகள் மருந்தாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. வீட்டுக்கல்வி பெறும் ஒரு பிள்ளைக்கு இரண்டு நடவடிக்கைகள் போதும். ஒன்று, பிறருடன் சேர்ந்து செய்வதாக இருக்கவேண்டும். மற்றொன்று, பிள்ளை தானே விரும்பித் தேர்ந்தெடுப்பதாக இருக்கவேண்டும்.

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. அதன்படி, பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெறவேண்டும். அப்பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதவேண்டும். ஆனால், மாலை நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதைக் குடும்பமே முடிவு செய்கிறது. உங்களைப் போன்ற உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாகத் தோன்றாது. நீங்கள் இணைப்பாட நடவடிக்கை ஒன்றில் சேர்கிறீர்கள். பாடம் முடிந்ததும் பெரும்பாலும் பள்ளி வளாகத்திலேயே அதில் ஈடுபடுகிறீர்கள். வீட்டில் பயிலும் பிள்ளையோ ஒவ்வொரு வகுப்புக்கும் வீட்டிலிருந்து புறப்பட்டுச் செல்லவேண்டும்.

முதலில் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேர வகுப்புக்குச் செல்லப் பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் 40 நிமிடங்கள் ஆவதாக வைத்துக்கொள்வோம். திரும்பி வரவும் அதே நேரம் ஆகும். அப்படியானால், ஒரு வகுப்புக்கு 2 மணி 20 நிமிடங்கள் தேவை. ஆறு வகுப்புகளுக்கு 14 மணி நேரம். அதில் 8 மணி நேரம் பயணத்திலேயே கழிந்துவிடும். உடன் செல்லும் தாய் அல்லது தந்தையின் நேரமும் அதில் அடங்கும். பிள்ளை தன் விருப்பப்படி, தன் வேகத்தில் கற்கவேண்டும் என்பதற்காகவே பல பெற்றோர் வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கின்றனர். அப்படிக் கிடைத்த ஓய்வு நேரத்தைப் பயணத்தில் செலவழிப்பது முறையா?

அடுத்து, நட்பைப் பற்றிச் சிந்திப்போம். ஓர் அறையில் இருபது பிள்ளைகள் கூடிவிட்டால் நட்பு மலர்ந்துவிடாது. வகுப்பு தொடங்குவதற்கு முன் பேசும் பேச்சு, ஆட்டத்தில் சேர்ந்து தோற்ற பிறகு ஒருவரையொருவர் தேற்றுவது, பயிற்சி முடிந்தபின் சேர்ந்து பொருள்களை எடுத்து வைப்பது ஆகியவற்றில்தான் நட்பு வளர்கிறது. இதற்கு அதே முகங்களை வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் பார்க்கவேண்டும். அவசரமின்றிப் பழகவும் வேண்டும். ஆறு இடங்களுக்கு ஓடும் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு எங்கும் கிடைப்பதில்லை.

மேலும், 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்பது நம் பழமொழி. எந்தக் கலையிலும் தொடக்க நாள்கள் எளிதாக இருக்கும். சில மாதங்களில் சலிப்பு வரும். அந்தச் சலிப்பைக் கடந்து பயில்பவரே தேர்ச்சி அடைவார். அவ்வாறு கடக்க, வகுப்பைத் தவிர, வீட்டில் பழகுவதற்கும் நேரம் வேண்டும்.

'பலவற்றை முயன்று பார்த்தால்தானே தனக்குப் பிடித்தது எது என்பது பிள்ளைக்குத் தெரியும்?' என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்விதான். ஆனால், முயன்று பார்ப்பதற்கு ஆண்டு முழுவதும் தேவையில்லை. ஜூன், டிசம்பர் மாதங்களில் சமூக மன்றங்களில் நடைபெறும் குறுகிய காலப் பயிற்சிகளில் சேர்ந்து பார்க்கலாம். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். அதே வேளையில், எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பதையும் நான் ஏற்கமாட்டேன். தோற்கவும், விட்டுக்கொடுக்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் ஒரு பிள்ளை பிறருடன் பழகித்தான் கற்றுக்கொள்ளவேண்டும்.

இதை முடிவு செய்யும்போது பிள்ளையின் குரலுக்கும் இடம் இருக்கவேண்டும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். யாரும் சொல்லாமலேயே பிள்ளை அதற்குத் தயாராகிறானா? அங்கே அவனுக்குப் பெயர் தெரிந்த நண்பர் ஒருவராவது இருக்கிறாரா? வீடு திரும்பும்போது அவன் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்பதே பதிலானால், அந்த வகுப்பை நிறுத்திவிடலாம். அது தோல்வி ஆகாது.

அண்மையில் அந்தச் சிறுவனை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மீண்டும் பார்த்தேன். இப்போது அவன் டேக்வாண்டோவுக்கும் ஓவியத்திற்கும் மட்டுமே செல்கிறான். பியானோவை விட்டதில் அவன் தாயாருக்கு இன்னும் சற்று வருத்தம்தான். அவனோ தன் அருகில் நின்ற இரு சிறுவர்களையும் பெயர் சொல்லி எனக்கு அறிமுகப்படுத்தினான். இருவரும் அவனுடன் டேக்வாண்டோ பயில்பவர்கள்.

இது வீட்டில் பயிலும் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய கேள்வியன்று. பள்ளியில் ஒரு நடவடிக்கை, வெளியில் மூன்று வகுப்புகள் என்று ஓடும் மாணவர்கள் உங்களிடையேயும் இருப்பீர்கள். உங்கள் வாரத்தின் கால அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன என்று எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். அவற்றில் எதை இழந்தால் நீங்கள் உண்மையாகவே வருந்துவீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.