அப்பாவுக்கு லேடீஸ் சைக்கிள்தான்!

அறுபது தாண்டிய ஆம்பளைக்கு எந்த சைக்கிள் சரி என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். நடுவில் பார் இல்லாத சைக்கிள். ஆமாம், ஊரே 'லேடீஸ் சைக்கிள்' என்று சொல்கிறதே, அதேதான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். :-)

நம் வீடுகளில் நடப்பது என்ன? அப்பாவிடம் ஏற்கெனவே பார் வைத்த பழைய சைக்கிள் ஒன்று இருக்கும். 22 அல்லது 24 இன்ச் ஃபிரேம், ராட் பிரேக், அரிசி மூட்டை தாங்கும் கேரியர். இப்போது இடுப்பு பிடிக்கிறது, காலைப் பின்னால் வீசி ஏற முடியவில்லை. உடனே வேலைக்குப் போகும் மகன் இரண்டாவதாக ஒரு கியர் சைக்கிள் வாங்கி நிறுத்துகிறான். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், குனிந்து பிடிக்க வேண்டிய ஹேண்டில்பார். பார் மட்டும் அங்கேயேதான் இருக்கிறது! மூன்று நாள் ஓட்டுவார். அப்புறம் அதில் துணி காயும். பழியும் அவர் மேல்தான்: "வாங்கிக் கொடுத்தாலும் ஓட்ட மாட்டேங்கிறார்."

அய்யா, நீங்கள் வாங்கியது உங்கள் ஆசைக்கு. அவர் உடம்புக்கு இல்லை.

என் பெரியப்பாவுக்காக ஒரு கடையில் பார் இல்லாத சைக்கிள் கேட்டேன். "யாருக்கு தம்பி, தங்கச்சிக்கா?" என்றார் கடைக்காரர். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மானம் போயிடும்டா." சரி, மானத்தைக் காப்பாற்றி என்ன கிடைத்தது? தினமும் தானே மார்க்கெட் போய் வந்தவர், இன்று யாராவது பைக்கில் ஏற்றிப் போவார்களா என்று திண்ணையில் காத்திருக்கிறார். இதில் போகாத மானமா அதில் போய்விடும்?

1885ல் இங்கிலாந்தில் ரோவர் சைக்கிள் வந்தது. இன்றைய சைக்கிளுக்கு அதுதான் மூதாதை. அடுத்த சில ஆண்டுகளில், பாவாடை தடுக்காமல் ஓட்டுவதற்காக பாரைக் கீழே இறக்கினார்கள். கதை அவ்வளவுதான். பாவாடைக்கு ஆகும் என்றால் வேட்டிக்கு ஆகாதா? இதே பெரியவர்கள் எட்டு வயதில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டவர்கள்தானே! அன்றைக்கு பார் எட்டவில்லை, வேறு வழி பார்த்தார்கள். இன்றைக்கும் எட்டவில்லை.

பார் இல்லாவிட்டால் மட்டும் போதாது, அளவும் பொருந்த வேண்டும். கடையில் "26 இன்ச் சார்" என்பார்கள். அது சக்கரத்தின் அளவு. ஆளுக்குப் பொருந்துமா என்பதை ஃபிரேமை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பெரியவர்கள் சீட்டைத் தரையோடு இறக்கிவிடுகிறார்கள். முழங்கால் அதிகம் மடங்கி வலிக்கிறது, வயசாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பார் இல்லையென்றால் அந்தப் பயமே வேண்டாம். சீட்டிலிருந்து முன்பக்கம் இறங்கி இரண்டு காலையும் ஊன்றி நிற்கலாம். ஹேண்டில்பார் சீட்டுக்குச் சமமாக அல்லது கொஞ்சம் மேலே இருக்கட்டும். கையை எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தால் அது அவர் சைக்கிள் இல்லை.

"பார் இல்லாவிட்டால் ஃபிரேம் வலு குறையுமே?" நியாயமான கேள்வி. கனமான சுமை ஏற்றினால் கொஞ்சம் ஆடும்தான். அதனால்தான் இரண்டாவது சைக்கிள் என்கிறேன். மூட்டைக்குப் பழையது வீட்டிலேயே இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் ஓட்டுங்கள்.

"இந்த வயசில் இன்னொரு சைக்கிள் செலவா?" காமர்ஸ் படிக்கிறவனிடம் இதைக் கேட்காதீர்கள். :-) பத்தாயிரம் ரூபாய் சைக்கிளை வாரம் ஐந்து நாள், ஐந்து வருடம் ஓட்டினால் ஒரு நாளைக்கு எட்டு ரூபாய்கூட இல்லை. பதினைந்தாயிரம் ரூபாய் கியர் சைக்கிளைப் பத்து நாள் ஓட்டி மூலையில் போட்டால் ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு. எது வீண்செலவு? 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி.யும் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

ஆகவே மகன்களே, 'சர்ப்ரைஸ்' என்று நீங்களாக வாங்கி வராதீர்கள். அப்பாவையே கடைக்குக் கூட்டிப் போங்கள். நாலு வண்டியில் ஏறி, இறங்கி, ஒரு தெரு சுற்றி வரட்டும். 'லேடீஸ்' என்ற வார்த்தையை மட்டும் கடைக்காரர் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.